அடுத்ததைப் படி

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சந்திரிகாவுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும் என்று. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. பெற்ற பிள்ளையை அடிக்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையையா அடிக்க முடியும்? மடியில் சுளவு முறமும் கையில் கத்தரியுமாக நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறவள், நடுவில் ஒரு பிள்ளையைப் படிக்கவும் வைக்க வேண்டுமென்றால் கொஞ்சிக்கொண்டிருக்க நேரம் ஏது? என் மகள் பவிஷா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாக வந்தாள். அதனால் என் கை செய்ததெல்லாம் சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் அந்த விடுதிப் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். கிராமத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு டிரஸ்ட் நடத்துகிற பள்ளி, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம். ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் பன்னிரண்டு வரைக்கும் சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் சும்மா எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பரீட்சை. முதலாவது எங்கள் ஒன்றியத்திலேயே நடக்கும். அதில் தேறினால் இரண்டாவதைச் சென்னையில், அடையாறில் இருக்கும் அவர்கள் அலுவலகத்தில் எழுத வேண்டும். அன்றைக்கே பிள்ளையையும் பெற்றவர்களில் ஒருவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

பள்ளியின் விளம்பரத் தாளை பவிஷா எனக்கு வாசித்துக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். நூலகம் உண்டு, தினமும் முட்டை உண்டு, தனிக் கட்டில் உண்டு என்று வரிசையாக வாசித்தாள். "இப்பள்ளியில் பிள்ளைகளை யாரும் அடிப்பதில்லை" என்று ஒரு வரி. அதை வாசித்து நிறுத்தினாள். மறுபடியும் அதையே வாசித்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது எனக்கு.

"கேட்டாச்சு, அடுத்ததைப் படி," என்றேன்.

அதிலிருந்து எங்கள் வீடு பரீட்சை வீடாகிவிட்டது. ஊரில் டியூஷன் கிடையாது. பழைய வினாத்தாள்களைப் போனில் இறக்க வேண்டுமென்றால் குளத்தங்கரை மேட்டுக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவள். அதற்காக விட்டுவிட முடியுமா? அவளோடு நானும் உட்கார்ந்து படித்தேன். புத்திக்கூர்மை என்று ஒரு பகுதி வரும். காகிதத்தை இரண்டாக, நாலாக மடித்து ஓர் இடத்தில் ஓட்டை போட்டு, விரித்தால் எங்கெங்கே ஓட்டை இருக்கும் என்று கேட்பான். அவளுக்கு அது பிடிபடவே இல்லை. கழித்துப் போட்ட பீடி இலையை எடுத்து மடித்து, கத்தரி முனையால் குத்தி விரித்துக் காட்டினேன். ஒரு வாரத்தில் பார்த்த உடனே சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள். தப்பாகச் சொன்னால் மண்டையில் ஒரு குட்டு. அவள் அப்பா முருகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடிந்தால் போகிறவர் பொழுது அடைந்தால்தான் வருவார். அவ்வப்போது, ஏன் அடிக்கிறே என்று கேட்பார். அடிக்காமல் படித்தால் நீங்களே படிக்கவையுங்கள் என்பேன். மனுஷன் ஆட்டோவைத் துடைக்கப் போய்விடுவார்.

முதல் பரீட்சையில் எங்கள் ஒன்றியத்திலிருந்து தேறியது இவள் ஒருத்திதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் வீட்டுக்காரரின் அண்ணன் ஜவஹர் தி.நகரில் கடை வைத்திருக்கிறார். சேலை, நைட்டி, உள்பாவாடை, துண்டு, போர்வை. ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் கடை, அதற்கடுத்த தெருவில் வீடு. அவர் மனைவி சரோஜாதேவி அக்கா கொடுக்கிற கைதான், ஆனால் கொடுத்ததைப் பத்துப் பேருக்குச் சொல்லாமல் தூக்கம் வராது. சேதி கேட்டவுடன் போன் போட்டு, லீவுதானே, பிள்ளையை இப்போதே அனுப்பு, இங்கே ஃபேனுக்கடியில் உட்கார்ந்து நிம்மதியாகப் படிக்கட்டும், நல்ல சாரிடம் விடுகிறேன் என்றார். எனக்கு மறுக்க ஏது வாய்? ஊரில் தெரு முழுக்கக் கேட்கிற என் குரல், அக்கா போன் வந்தால் மட்டும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அவர்கள் இருக்கிற இடம் வேறு, நாங்கள் இருக்கிற இடம் வேறு.

சென்னைக்குப் போகிற ஊர்க்காரர் ஒருவரோடு பவிஷாவை ரயிலேற்றும்போது நான் சொல்லியனுப்பியது ஒன்றுதான்.

"பெரியம்மா சொன்னா சொன்னதுதான். எதுத்து ஒரு வார்த்தை பேசினேன்னு தெரிஞ்சுது, அங்க வந்து தோலை உரிச்சிருவேன், பாத்துக்கோ."

சரிம்மா என்று தலையை ஆட்டினாள்.

பரீட்சை திங்கட்கிழமை காலை என்று வந்தது. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். ஒன்பதுக்கு மேல் கிளம்பினால் அடையாறுக்குப் போய்ச் சேர முடியாது, ஒன்பதரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஏழரைக்கு முன்னால் கிளம்பவும் முடியாதாம், ஜவஹர் அண்ணன் காலை பூஜையை முடித்துக் கடை திறக்கப் போகும்வரை அக்கா வீட்டில் இருந்தாக வேண்டும். நானே அக்காவுக்குப் போன் போட்டு, ராகு காலத்தில் முதல் அடி எடுத்து வைத்தால் விளங்குமா அக்கா, ஏதாவது பண்ணுங்கள் என்று புலம்பினேன். நீ ஏன் பதறுகிறாய், பரஸ்தானம் வைத்துவிடுவோம் என்றார் அக்கா. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பரஸ்தானம் எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. பயணம் போகிற நேரம் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் நல்ல நேரம் பார்த்து, எடுத்துப் போகிற பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். பை வீட்டை விட்டுப் போய்விட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் தோஷமில்லை. போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

நான் பரீட்சைக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்திருக்க வேண்டும். பவிஷாவின் தம்பிக்குக் காய்ச்சல், சுற்றி முடித்த பீடியையும் கம்பெனியில் ஒப்படைத்தாக வேண்டும். ஞாயிறு ராத்திரி ரயிலில் கக்கூஸ் பக்கத்தில் நின்றபடி வந்து, தாம்பரத்தில் மின்சார ரயில் மாறி, கிண்டியில் இறங்கிப் பஸ் பிடித்தேன். நேரே அடையாறுக்கே வந்துவிடு, நான் பிள்ளையோடு அங்கே வந்துவிடுகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தார். பஸ் ஸ்டாண்டுக் குழாயில் முகம் கழுவி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த தெரு. அலுவலகக் கேட்டுக்கு வெளியே ஒயர் கூடையும் தூக்குவாளியுமாக எங்களைப் போலவே ஒரு கூட்டம். எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ வந்திருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையோடு, கையில் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. இத்தனை பேரில் என் பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டுமே என்று ஊர்ச் சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

ஆட்டோ வந்து நின்றது. அக்கா பட்டுச் சேலையில் இறங்கினார். பின்னால் பவிஷா, புதுப் பாவாடை சட்டையில். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலரவில்லை. கையைப் பார்த்தேன். கையில் ஒன்றுமே இல்லை.

"பை எங்கட்டி? ஹால் டிக்கெட் எங்க?"

அவள் பெரியம்மாவைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த தாய்மாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாப்பா பைய மறந்து வச்சிட்டு வந்துட்டா, சந்திரிகா. எத்தன தடவதான் சொல்றது," என்றார்.

அவ்வளவுதான். ராத்திரி முழுக்க நின்று வந்த கால்வலி, வருஷம் முழுக்க உட்கார்ந்து சுற்றிய முதுகுவலி, எல்லாம் சேர்ந்து கைக்கு வந்துவிட்டது. பளீரென்று ஒன்று விட்டேன். நின்ற இடத்திலிருந்து ஓர் அடி தள்ளிப் போய் நின்றாள். அழவில்லை. நான் மறக்கவில்லை என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடியே நின்றாள். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. ஊமையா நீ, மறந்தவளுக்கு வாய் எங்கே போயிற்று என்று இரண்டாவதற்குக் கையை ஓங்கினேன்.

கேட்டில் நின்ற காவலாளி குறுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா நீ, பரிச்ச எழுத வந்த கொயந்தயப் போட்டு அடிக்கிற. கை கால் நடுங்கினா எப்டி எழுதும்?" என்றார். கூட்டத்தில் ஒருத்தி ச்சொ ச்சொ என்றாள். எனக்கு அவள்மேலும் எரிச்சல் வந்தது. உன் பிள்ளையின் கையில் ஹால் டிக்கெட் இருக்கிறது, நீ ச்சொ கொட்டுவாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹால் டிக்கெட் இல்லாமல் உள்ளே விட முடியாது, அது தன் கையில் இல்லை என்றார் காவலாளி. நான் அவர் காலில் விழாத குறை. அக்கா யாருக்கோ போன் அடித்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. கேட்டை ஒரு பக்கம் இழுத்துச் சாத்தியும் ஆகிவிட்டது. ஒரு வருஷப் பாடு கண்முன்னால் போகிறது, நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது.

கறுப்பு புர்கா, மூக்குக் கண்ணாடி, ஈரம் சொட்டும் முடி முக்காட்டுக்கு வெளியே தெரிய, வயதில் மூத்த ஓர் அம்மா இறங்கினார். கையில் எங்கள் ஊர் ஜவுளிக்கடைப் பெயர் போட்ட மஞ்சள் பை. அதை நான்தான் பவிஷாவுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். அவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவரோ யாரையும் பார்க்காமல் நேரே பவிஷாவிடம் போய்ப் பையைக் கையில் திணித்து, ஓடு கண்ணு என்றார். பவிஷா வாங்கிக்கொண்டு ஓடினாள். காவலாளி சாத்திய கேட்டை மறுபடி திறந்துவிட்டார். உள்ளே போகிறவளின் இடது கன்னத்தில் என் விரல்கள் வரிவரியாகத் தெரிந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குப் போன உயிர் வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அக்காவிடம் திரும்பிவிட்டார். அவர் பெயர் ஹாஜிரா பீ, அக்காவுக்கு எதிர் வீடு, ஜவஹர் அண்ணன் கடைச் சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறவர் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

"இன்னா சரோஜா, விடிகாலைல பையக் கொணாந்து என் வூட்ல மாட்டினது நீ. போறச்சே எட்த்துக்கினு போவ வேணாம்? அந்தப் பொண்ணு என் கதவத் தட்டிக்கினே கீது. நான் குளிச்சிக்கினு இருந்தேன், தோ வரேன் கண்ணுன்னு உள்ளேர்ந்து கத்தறேன். நீ இன்னா பண்ண? கெளம்புற நேரத்துல அங்க இங்க நிக்காத, திரும்பிப் பாக்காத, வான்னு அதும் கையப் புட்ச்சி இட்டுக்கினு போய்ட்ட. வந்து பாத்தா பை தொங்குது, ஆளக் காணோம்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அந்த ச்சொ கொட்டின பெண்ணும் கேட்டாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

பிள்ளைகள் எழுதி முடிக்கும்வரை பெற்றவர்கள் உள்ளே மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கலாம் என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். ஹாஜிராக்கா வெளியே போய் டீ வாங்கிவந்தார். நடந்ததை அக்கா மெள்ள மெள்ளச் சொன்னார். ஆட்டோ கோட்டூர்புரம் வந்தபோது பை ஞாபகம் வந்ததாம். பவிஷா அதற்கு முன்பே இரண்டு தடவை, பெரியம்மா பை என்று ஆரம்பித்தாளாம். போகிற நேரத்தில் பேச்சு வேண்டாம் என்று அக்கா அடக்கிவிட்டாராம். தெரிந்த பிறகும், கிளம்பின கால் திரும்பக் கூடாது என்று வண்டியைத் திருப்பவில்லை. போனில் சொல்லி வரவழைத்துவிடலாம் என்று இருந்திருக்கிறார். குளித்துவிட்டு வந்த ஹாஜிராக்கா பையைப் பார்த்ததும், அடித்துக்கொண்டிருந்த போனைக்கூடப் பார்க்காமல், ஹால் டிக்கெட்டில் இருந்த விலாசத்தைச் சொல்லி ஆட்டோ பிடித்துவிட்டார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க, சந்திரிகா. வாயில அதான் வந்துச்சு. நீ அடிப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல," என்றார் அக்கா. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ராகு காலம் ராகு காலம்னு நீயும்தான போன்ல அழுத," என்றார்.

கோபப்பட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அக்காவை நான்கு வார்த்தை கேட்டுவிட்டால் என் பாரம் குறையும் என்று தோன்றியது. ஆனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் நூல் என்னிடம்தான் வந்து நின்றது. நேரம் பார்க்கச் சொன்னது நான். எதிர்த்துப் பேசாதே என்று சொல்லியனுப்பியது நான். அடித்தது நான். அக்கா சொன்னது பொய்தான், அதை நம்புவதற்கு ஒரு நொடியாவது யோசித்தேனா? சொந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்களோ என்று தலை நிமிரவே கூச்சமாக இருந்தது.

பரீட்சை முடிந்து பவிஷா வந்தாள். அக்கா கட்டிக்கொண்டு வந்திருந்த இட்லியை மரத்தடியில் பிரித்துவைத்தேன். கன்னத்தில் தடிப்பு அப்படியே இருந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்டேன். நல்லா எழுதினேன், மடிக்கிற கணக்கு வந்தது, எல்லாம் போட்டேன் என்றாள். இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிட்டாள்.

"ஏன்டி சொல்லல? நான் மறக்கலம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதுத்துப் பேசக் கூடாதுன்னு நீதான சொன்ன."

குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்கிற மாதிரிச் சொன்னாள். சட்னியை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் எங்களைக் கூப்பிட்டார்கள். போகும்முன் குழாயடியில் அவள் முகத்தைக் கழுவிவிட்டேன், பவுடர் போட்டேன். பவுடரை அந்தக் கன்னத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாக அப்பினேன். அப்போதும் எனக்குப் புத்தி அப்படித்தான் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். நரைத்த தலையோடு ஓர் அம்மா, எழுதிக்கொள்வதற்கு ஒருவர். அந்த அம்மா சிரித்த முகமாகத்தான் பேசினார். என்ன பிடிக்கும், தம்பி பெயர் என்ன, ரயிலில் வரும்போது என்ன பார்த்தாய் என்றெல்லாம் கேட்டார். பவிஷா பயமில்லாமல் பதில் சொன்னாள். நான் முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அந்த அம்மா கொஞ்சம் முன்னால் குனிந்து, "கன்னத்துல என்னம்மா அது?" என்றார்.

பவிஷா என்னைப் பார்க்கவே இல்லை. "பாயில படுத்திருந்தேன், மேடம். பாய்த் தடம்," என்றாள்.

எப்படி அவ்வளவு வேகமாக வந்ததோ அந்தப் பொய். பாயில் ஒருக்களித்துப் படுத்தால் வரி விழும், உண்மைதான். ஆனால் பொழுது சாய்கிற வரைக்குமா இருக்கும்? அந்த அம்மாவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும், சிரிப்பு நின்றுவிட்டது. எழுதுகிறவர் பேனாவை நிறுத்தினார். காலையில் பெரியம்மாவைக் காப்பாற்றினாள், இப்போது என்னைக் காப்பாற்றுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இடம் கிடைத்தாலும் கிடைக்கும். அக்காவும் காலையில் இதைத்தானே செய்தார், பிள்ளை தலையில் போட்டுவிட்டுச் சும்மா நின்றார். அவரை மனசுக்குள் எத்தனை திட்டினேன்.

"பாய் இல்லைங்க. நான்தான் அடிச்சேன். அவ மேல தப்பே இல்ல," என்றேன்.

சொல்லிவிட்டு நடந்ததையும் சொன்னேன். பரஸ்தானம், பை, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. வீட்டிலும் அடிப்பீர்களா என்று கேட்டார். அடிப்பேன் என்றேன். பவிஷா என் சேலையை மேசைக்கடியில் பிடித்து இழுத்தாள், சொல்லாதே என்று. இடம் போய்விடுமே என்ற பயம் அவளுக்கு. எனக்கும் பயம்தான், ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாதே.

அந்த அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பவிஷாவிடம் திரும்பி, "இது வீட்டை விட்டு ரொம்ப தூரம், கண்ணா. அம்மா இல்லாம இருக்கணும். ஏன் இங்க சேரணும்னு நினைக்கிறே? நீயே சொல்லு," என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலை நான்தான் தயார் செய்து, ஒப்பிக்கவைத்து, தவறியபோதெல்லாம் குட்டியிருந்தேன். நன்றாகப் படித்துக் கலெக்டராகி எங்கள் கிராமத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்று தொடங்கும். பவிஷாவும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் நன்றாகப் படித்து" என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தினாள். மறந்துவிட்டாளோ என்று எனக்குப் பக்கென்றது. அவள் மறக்கவில்லை. யோசித்தாள்.

"அங்க லைப்ரரி இருக்குன்னு போட்டிருந்துச்சு, மேடம். தனிக் கட்டில் இருக்குன்னு போட்டிருந்துச்சு. அடிக்க மாட்டாங்கன்னும் போட்டிருந்துச்சு."

கடைசியாகச் சொன்னதை மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் சுளவோடு உட்கார்ந்திருந்ததும், அந்த ஒரு வரியை அவள் இரண்டு தடவை வாசித்ததும், அடுத்ததைப் படி என்று நான் சொன்னதும் அப்படியே கண்முன் வந்தன. வருஷம் முழுக்க விடியுமுன்னே தானாக எழுந்து உட்கார்ந்தாளே, நான் எழுப்பாமலே விளக்கைப் போட்டுப் படித்தாளே, என் பயத்தினால் படிக்கிறாள் என்றுதான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னை விட்டுப் போவதற்காகப் படித்திருக்கிறாள். கூடவே உட்கார்ந்து, இலையை மடித்து ஓட்டை போட்டு, வழியையும் நானே காட்டியிருக்கிறேன்.

அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. என்ன கேட்டார்கள் என்று அக்கா ஆவலாகக் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான் என்றேன்.

பதினைந்து நாளில் சேதி வந்துவிட்டது. பவிஷாவுக்கு இடம் கிடைத்திருந்தது. ஊரில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அன்றைக்கப்புறம் அடிக்கவே இல்லை என்று சொன்னால் பெருமையாக இருக்கும். ஒரு நாள் தம்பியோடு சண்டை போட்டாள் என்று கை போய்விட்டது. பாதியில் நிறுத்தி, கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், பவுடர் போடக் காட்டினாளே அதே மாதிரி.

ஜூனில் அவளைச் சேர்ப்பதற்கு முதல் நாள் தி.நகருக்குப் போனோம். துண்டு, போர்வை, உள்ளாடை எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் என்று அக்கா முன்பே சொல்லிவிட்டார். அன்று காலை நடந்ததற்கு அவரால் வேறு எப்படியும் ஈடு செய்யத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கடையில் நிற்க இடமில்லை. மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றாகத் துண்டுகளை விரித்துப் போட்டு, பிடித்ததை எடுத்துக்கொள் என்று பவிஷாவிடம் சொன்னார். ஹாஜிராக்காவும் ஃபால்ஸ் அடித்த சேலைகளைக் கொடுக்க வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நைட்டி எடுக்க வந்த ஓர் அம்மா, பாப்பா எந்த ஊருக்குப் போகிறாள் என்று விசாரித்தார். அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்? பரீட்சை, பள்ளி, எத்தனை ஆயிரம் பிள்ளைகள் எழுதியது என்று கடை முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்துவிட்டார். முடிவில் என் தோளைத் தட்டி, "எல்லாம் இவ கண்டிப்புங்க. அடிச்சு வளத்தா. அதான் இன்னிக்குப் பிள்ள அங்க போறா," என்றார்.

பாராட்டித்தான் சொன்னார். அந்த அறையில் நடந்தது அவருக்குத் தெரியாதே. வந்த அம்மா, அப்படித்தாங்க இருக்கணும் என்று என்னை மரியாதையோடு பார்த்தார். விரித்துக் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து மடிக்கிற சாக்கில் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். இரண்டாக மடித்தேன், நாலாக மடித்தேன்.

"பெரியம்மா, இந்த நீலமே போதும்," என்று பவிஷா பேச்சை மாற்றினாள். என் கையிலிருந்த துண்டை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.